'பிஹேவ்' சொல்லுக்குள் ஒளிந்திருக்கும் 'ஒழுங்கா'

காரைக்குடிப் பக்கத்து வீடொன்றில் விசேஷம். பந்திக்கு இலை போட்டாயிற்று. பிள்ளைகள் இன்னும் வளவைச் சுற்றி ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறார்கள். அப்பத்தா போடும் அதட்டல் இரண்டு சொல்: "ஒழுங்கா இருங்கடா." வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் பேத்தி தன் மகனிடம் சொல்வது ஒரே சொல்: "பிஹேவ்!" அப்பத்தாவின் 'ஒழுங்கா' பேத்தியின் வாக்கியத்தில் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை. அந்த வினைச்சொல்லுக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது.

இதைப் பிடித்துக்கொண்டால் பாதி வேலை முடிந்தது. அகராதியில் 'நடந்துகொள்' என்ற பொருளைப் பார்த்து மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு பயம் உண்டு. தமிழில் "பிள்ளைகள் நடந்துகொண்டார்கள்" என்று நிறுத்தினால் வாக்கியம் அந்தரத்தில் தொங்கும். எப்படி நடந்துகொண்டார்கள் என்று கேட்கத் தோன்றும். அதனால் ஆங்கிலத்திலும் 'ப்ராப்பர்லி', 'டீசன்ட்லி' என்று ஏதாவது ஒன்றை ஒட்டாமல் விடமாட்டார்கள். ஆனால் "தி சில்ட்ரன் பிஹேவ்ட்" என்பது முழு வாக்கியம். பிள்ளைகள் ஒழுங்காக இருந்தார்கள் என்பதே அதன் பொருள். "ஹி டிட்ன்ட் பிஹேவ்" என்றால் 'அவன் நடந்துகொள்ளவில்லை' அல்ல, 'அவன் ஒழுங்காக இல்லை'. 'பிஹேவ் ப்ராப்பர்லி' என்று சொன்னால் இலக்கணப் பிழை எதுவும் இல்லை. தேவையில்லாத இடத்தில் ஒரு சொல் கூடுதல், அவ்வளவுதான்.

எப்படி என்று சொல்லும் சொல் பக்கத்தில் வந்துவிட்டால் உள்ளே இருந்த 'ஒழுங்கா' இடத்தைக் காலி செய்துவிடும். "ஹி பிஹேவ்ட் பேட்லி", "ஷி பிஹேவ்ட் ஸ்ட்ரேஞ்ச்லி" என்னும்போது அந்தச் சொல் வெறும் 'நடந்துகொள்' ஆகிறது. நல்லதா கெட்டதா என்பதைப் பக்கத்துச் சொல் தீர்மானிக்கும்.

இனி 'யுவர்செல்ஃப்'. "பிஹேவ் யுவர்செல்ஃப்" என்பதில் வரும் அந்த 'உன்னை' பலரைக் குழப்புகிறது. தமிழ் தெரிந்தவருக்கு இதில் குழப்பமே இருக்கக் கூடாது. 'நடந்துகொள்' என்பதில் 'கொள்' என்ன வேலை செய்கிறதோ, ஏறத்தாழ அதே வேலையைத்தான் அங்கே 'செல்ஃப்' செய்கிறது. செயல் செய்தவரிடமே திரும்பி நிற்கிறது. சொல்லின் பிறப்பும் அப்படித்தான். பதினைந்தாம் நூற்றாண்டு வாக்கில் 'பி' என்ற முன்னொட்டும் 'வைத்திரு' என்று பொருள்படும் 'ஹேவ்' என்ற வினையும் சேர்ந்து பிறந்தது. 'தன்னை இன்ன விதமாக வைத்துக்கொள்' என்பது ஆதிப் பொருள். 'செல்ஃப்' விருந்தாளி அல்ல, பழைய வீட்டுக்காரர்.

இதில் தமிழரை மட்டும் பிடிக்கும் கண்ணி ஒன்று இருக்கிறது. நம் 'நீங்கள்' மரியாதைக்கும் வரும், பன்மைக்கும் வரும். ஆங்கிலத்தில் 'யூ' அப்படியே இருந்தாலும் 'செல்ஃப்' ஒருமை பன்மையைக் காட்டிக்கொடுத்துவிடும். எவ்வளவு பெரியவராக இருந்தாலும் ஒருவர் என்றால் 'யுவர்செல்ஃப்'. எவ்வளவு சின்னப் பிள்ளைகளானாலும் இரண்டு பேர் என்றால் 'யுவர்செல்வ்ஸ்'. மரியாதைக்காக ஒருவரிடம் 'யுவர்செல்வ்ஸ்' போட்டால் அது மரியாதை ஆகாது, பிழைதான்.

மரியாதை என்றதும் இன்னொன்று. கானாடுகாத்தான், காரைக்குடிப் பக்கம் பழைய வீடுகள் பல இப்போது தங்கும் விடுதிகள். அங்கே வரவேற்பில் நிற்பவர்களும், வீடு சுற்றிக் காட்டும் வழிகாட்டிகளும் தெரிந்துவைத்திருக்க வேண்டியது: "ப்ளீஸ் பிஹேவ்" என்பதை வளர்ந்த ஒருவரிடம் சொல்லவே கூடாது. 'ப்ளீஸ்' சேர்த்தாலும் அது பிள்ளையை அதட்டும் சொல்தான். 'ஒழுங்கா இருய்யா' என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். என்ன வேண்டுமோ அதை மட்டும் கேட்டால் போதும். "குட் யூ ப்ளீஸ் கீப் யுவர் வாய்ஸ் டவுன்?", "ப்ளீஸ் டோன்ட் டச் தி பில்லர்ஸ்." பர்மா தேக்குத் தூணைத் தொடாதே என்பதற்கு நடத்தைப் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

உச்சரிப்பைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். அழுத்தம் இரண்டாம் அசையில்: பி-ஹேவ். எழுத்தில் உள்ளே 'ஹேவ்' என்ற சொல் தெரிந்தாலும் ஓசை அதுவல்ல. 'ஐ ஹேவ்' என்னும்போது வாயை அகலத் திறந்து குறிலாகச் சொல்கிறோம். 'பிஹேவ்' கடைசி அசை 'சேவ்', 'கேவ்', 'வேவ்' இவற்றோடு எதுகையாக நீளும். தமிழ் எழுத்தில் இரண்டையும் ஒரே மாதிரி எழுதுவதால் வரும் வினை இது. 'பிகேவ்' என்று ஹகரத்தைக் ககரமாக்குவதும், முதல் எழுத்தை நீட்டி 'பீஹைவ்' என்பதும் தவிர்க்க வேண்டியவை, பின்னது தேன்கூடு.

அதிகம் தடுக்கி விழும் இடத்துக்கு வருவோம். 'பிஹேவ் குட்' தவறு, 'பிஹேவ் வெல்' சரி. ஆனால் 'பி குட்' சரி. 'பி' என்பது 'இரு'. அதற்குப் பின்னால் குணத்தைச் சொல்லும் சொல் வரும். 'பிஹேவ்' ஒரு செயல், அதற்கு எப்படி என்று சொல்லும் சொல் வேண்டும். தமிழில் '-ஆக' என்று முடிவது ஆங்கிலத்தில் பெரும்பாலும் '-லி' என்று முடியும்: மரியாதையாக, 'ரெஸ்பெக்ட்ஃபுலி'; பொறுப்பாக, 'ரெஸ்பான்சிப்லி'; முரட்டுத்தனமாக, 'ரூட்லி'. இந்தச் சூத்திரத்தை நம்பிப் போகிறவர்களைக் கவிழ்ப்பதற்கென்றே சில சொற்கள் இருக்கின்றன. 'ஃப்ரெண்ட்லி', 'கவர்ட்லி' இரண்டும் 'லி' என்று முடிந்தாலும் குணச்சொற்கள். "ஹி பிஹேவ்ட் ஃப்ரெண்ட்லி" என்று எழுதக் கூடாது. "ஹி பிஹேவ்ட் இன் எ ஃப்ரெண்ட்லி வே" என்று சுற்றிப் போக வேண்டும். அதைவிட "ஹி வாஸ் ஃப்ரெண்ட்லி" என்று மூன்றே சொல்லில் முடிப்பது அழகு.

சொல் வரிசையும் நம்மை ஏமாற்றும். தமிழில் 'நன்றாக' முன்னால், வினை பின்னால். அதே பழக்கத்தில் "தே வெல் பிஹேவ்ட்" என்று எழுதிவிடுகிறோம். "தே பிஹேவ்ட் வெல்" என்பதே சரி. 'வெல்-பிஹேவ்ட்' என்று நடுவில் கோடு போட்டு வந்தால் அது வேறு சரக்கு. 'ஒழுக்கமான', 'அடக்கமான' என்னும் குணச்சொல். அதற்கு முன்னால் 'வேர்' வேண்டும்: "தே வேர் வெல்-பிஹேவ்ட்."

'மாதிரி' என்பதற்கு 'லைக்'. 'லைக்' பின்னால் பெயர்ச்சொல் கட்டாயம். 'பைத்தியம் மாதிரி நடந்துக்கிட்டான்' என்பதை "ஹி பிஹேவ்ட் லைக் எ மேட்" என்று எழுதுவது நம்மூரில் அடிக்கடி காணும் பிழை. தமிழில் 'பைத்தியம்' ஆளையும் குறிக்கும். ஆங்கிலத்தில் 'மேட்' குணத்தோடு நின்றுவிடும், ஆளாகாது. 'லைக் எ மேட்மேன்' என்று ஆளைக் கூட்டிவர வேண்டும். பின்னால் ஒரு முழு வாக்கியமே வந்தால் 'அஸ் இஃப்'. தன் அப்பன் வீட்டுச் சொத்து மாதிரி நடந்துகொள்கிறான் என்பதற்கு "ஹி பிஹேவ்ஸ் அஸ் இஃப் ஹி ஓன்ட் தி ப்ளேஸ்." இடம் அவனுடையது இல்லை என்பதைக் காட்டத்தான் அங்கே இறந்தகாலம். பேச்சில் 'ஓன்ஸ்' என்றும் சொல்வார்கள். 'லைக் அஸ் இஃப்' என்று இரண்டையும் சேர்த்துக் கட்டுவது வேண்டாம்.

யாரிடம் நடந்துகொண்டான் என்பதற்கு எந்தச் சொல்? 'என்கிட்ட', 'என்கூட' என்ற நினைப்பில் 'வித் மீ' போடுவது இந்திய ஆங்கிலம் முழுக்கப் பரவிய பழக்கம். நம் ஊரில் எல்லோருக்கும் புரியும். ஆனால் தேர்விலும் வெளிநாட்டுக் கடிதத்திலும் 'டுவர்ட்ஸ் மீ' என்பதே பாதுகாப்பு. அமெரிக்கர்கள் பெரும்பாலும் கடைசி எழுத்தை விட்டு 'டுவர்ட்' என்பார்கள். 'வித்' அடியோடு தவறு என்று நினைத்துவிட வேண்டாம். ஆளுக்கு முன்னால் வந்தால்தான் சிக்கல். குணத்துக்கு முன்னால் வந்தால் பொருத்தம்: "ஷி பிஹேவ்ட் வித் டிக்னிட்டி", கண்ணியத்துடன் நடந்துகொண்டாள்.

'என்னிடம்' இல்லாமல் 'என்னை' என்று தமிழ் வாக்கியம் வந்தால் 'பிஹேவ்' பக்கமே போகக் கூடாது. தமிழ் இதைத் தெளிவாகப் பிரித்துவைத்திருக்கிறது. 'என்னிடம் மோசமாக நடந்துகொண்டார்' என்பது 'பிஹேவ்'. 'என்னை மோசமாக நடத்தினார்' என்பது 'ட்ரீட்'. 'நட' என்ற ஒரே வேரில் கிளைத்த இரண்டுக்கு ஆங்கிலத்தில் ஒட்டும் உறவும் இல்லாத இரண்டு சொற்கள். "ஹி பிஹேவ்ட் மீ பேட்லி" என்ற பிழை இந்த இரண்டையும் கலப்பதால் வருவது. 'பிஹேவ்' தன்னைத் தவிர வேறு யாரையும் செயப்படுபொருளாக ஏற்காது; அதனாலேயே அதற்குச் செயப்பாட்டுவினையும் கிடையாது. "ஐ வாஸ் பிஹேவ்ட் பேட்லி" என்று எழுத வழியில்லை. "ஐ வாஸ் ட்ரீட்டட் பேட்லி." உருபைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுங்கள்: 'இடம்' என்றால் 'பிஹேவ் டுவர்ட்ஸ்', 'ஐ' என்றால் 'ட்ரீட்'. இந்த ஒரு விஷயத்தில் நம் வேற்றுமை உருபு ஆங்கில இலக்கணப் புத்தகத்தைவிட நல்ல வாத்தியார்.

'என் பையன் எனக்கு அடங்க மாட்டேங்கிறான்' என்பதற்கும் 'பிஹேவ்' உதவாது. "ஹி டஸன்ட் லிசன் டு மீ" அல்லது "ஹி டஸன்ட் ஒபே மீ." முதலாவது வீட்டுப் பேச்சு, இரண்டாவது கொஞ்சம் விறைப்பு.

'மிஸ்பிஹேவ்' பற்றி நின்று பேச வேண்டும். இங்கேதான் உண்மையான சேதம் நடக்கிறது. இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இது முதன்மையாகப் பிள்ளைகளுக்கான சொல். வகுப்பில் கூச்சல் போட்டான், சொன்ன பேச்சைக் கேட்கவில்லை என்ற அளவு. வளர்ந்தவர்களைப் பற்றிச் சொன்னால் பாதி வேடிக்கை, பாதி குறும்பு. நம் நாட்டுப் பத்திரிகைகளில் 'மிஸ்பிஹேவ்ட் வித் எ உமன்' என்று வந்தால் அது சீண்டல், அத்துமீறல். ஒரே சொல்லுக்கு இந்த ஊரில் ஒரு கனம், அந்த ஊரில் இன்னொரு கனம். அதனால் புகார்க் கடிதத்தில் இந்தச் சொல்லை நம்பினால் இரண்டு பக்கமும் தவறாகும். சில்லறைத் தகராறை இப்படி எழுதினால் உள்ளூர் அதிகாரி பெரிய குற்றமாக நினைப்பார். பெரிய குற்றத்தை இப்படி எழுதினால் வெளிநாட்டு விடுதி நிர்வாகம் ஏதோ குறும்பு என்று கடந்துபோகும்.

செயலையே எழுதுவதுதான் வழி. பேருந்தில் மீதி 20 ரூபாய் தராமல் கத்தினார் என்றால் "ஹி ரெஃப்யூஸ்ட் டு கிவ் மை சேஞ்ச் ஆஃப் 20 ருப்பீஸ் அண்ட் ஷௌட்டட் அட் மீ." மரியாதைக் குறைவாகப் பேசினார் என்றால் "ஹி வாஸ் ரூட் டு மீ", இங்கே 'டு' வரும், 'வித்' அல்ல. அனுமதியில்லாமல் தொட்டார் என்றால் அதை அப்படியே: "ஹி டச்ட் மீ வித்தவுட் மை கன்சென்ட்." நேரம், இடம், பேருந்தின் தடம் எண், சொன்ன வார்த்தை. இவை இருக்கும் கடிதத்தில் 'மிஸ்பிஹேவ்' இல்லாமலே வேலை நடக்கும். அலுவலக ஒழுங்கு நடவடிக்கைக் கடிதங்களில் இதற்குப் பதில் 'மிஸ்கண்டக்ட்' என்ற பெயர்ச்சொல் வரும்.

அதன் தாய்ச்சொல் 'கண்டக்ட்', 'பிஹேவியர்' என்பதன் கோட்டுப் போட்ட அண்ணன். பள்ளி மாற்றுச் சான்றிதழில் 'கண்டக்ட் அண்ட் கேரக்டர்' என்று ஒரு வரி வருமே, அதுதான். பெயராக வரும்போது அழுத்தம் முன்னால், வினையாக வரும்போது பின்னால். வினையாகி நடத்தையைச் சொன்னால் 'செல்ஃப்' இல்லாமல் நிற்காது: "ஷி கண்டக்டட் ஹர்செல்ஃப் வெல்." 'செல்ஃபை' விட்டுவிட்டால் அவள் எதையோ நடத்தினாள் என்றாகிவிடும், கூட்டமோ கச்சேரியோ. பஸ் கண்டக்டரும் மின்சாரக் கண்டக்டரும் இதே குடும்பம்தான்.

மனிதர் மட்டுமல்ல, பொருளும் 'பிஹேவ்' செய்யும். காரைக்குடிக்காரர்களுக்கு இது அந்நியமாக இருக்க வேண்டியதில்லை. 1948-இல் அடிக்கல் நாட்டி 1953-இல் திறந்த சிக்ரி இங்கேதான் இருக்கிறது. மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம். உலோக அரிப்பு அதன் முக்கிய ஆய்வுகளில் ஒன்று. "ஹௌ டஸ் ஸ்டீல் பிஹேவ் இன் சீ வாட்டர்?" என்பது அங்கே அன்றாடக் கேள்வி வகை. கடல்நீரில் எஃகு என்ன ஆகிறது என்று பொருள். நல்ல நடத்தை, கெட்ட நடத்தை என்ற பேச்சே இல்லை. ஆத்தங்குடிக் கல்லை விற்பவரிடம் வெளிநாட்டு வாடிக்கையாளர் "ஹௌ டூ தீஸ் டைல்ஸ் பிஹேவ் இன் வெட் வெதர்?" என்று கேட்டால் திகைக்க வேண்டாம். ஈரக் காலத்தில் கல் எப்படி இருக்கும் என்கிறார். சூளையில் சுடாமல், கண்ணாடிமேல் வண்ணக் கலவையும் சிமெண்டும் வார்த்துத் தண்ணீரில் ஊறவைத்துச் செய்த கல், அதனால் ஆசிட் ஊற்றிக் கழுவக் கூடாது என்று பதில் சொல்லலாம்: "தே ஆர் நாட் ஃபயர்ட், ஸோ நெவர் யூஸ் ஆசிட்." அறிவியல் வாக்கியங்களில் எப்போதும் உண்மையான இயல்பைச் சொல்வதால் சாதாரண நிகழ்காலம் போதும். இன்றைக்கு மட்டும் விநோதமாக இருந்தால் தொடர்காலம்: "தி பம்ப் இஸ் பிஹேவிங் ஸ்ட்ரேஞ்ச்லி."

பெயர்ச்சொல் 'பிஹேவியர்' எண்ண முடியாதது. 'எ குட் பிஹேவியர்' என்றோ, 'ஹிஸ் பிஹேவியர்ஸ் ஆர் குட்' என்றோ வேண்டாம். உளவியல், கல்வியியல் கட்டுரைகளில் பன்மை வருவது தனிக் கணக்கு. எழுத்தில் பிரிட்டிஷ் வழக்கு ஓ-யூ-ஆர் என்று முடியும், அமெரிக்க வழக்கு யூவை விட்டுவிடும். ஒரே கடிதத்தில் இரண்டையும் கலக்காமல் இருந்தால் போதும். 'ஆன் யுவர் பெஸ்ட் பிஹேவியர்' என்றொரு வழக்கு உண்டு. முன்னால் 'ஆன்' மட்டுமே வரும். பெண் பார்க்க வந்த வீட்டில் மாப்பிள்ளை முதல் மாமா வரை எல்லோரும் காட்டும் அந்த அளவு கடந்த அடக்கத்தை இதைவிடச் சரியாக ஒரு சொற்றொடர் பிடிக்க முடியாது: "எவ்ரிஒன் வாஸ் ஆன் தெயர் பெஸ்ட் பிஹேவியர்." நாளை மாறலாம் என்ற குசும்பும் அதற்குள் இருக்கிறது.

'ஓவரா பிஹேவ் பண்றான்' தமிழில் நல்ல வாக்கியம். 'டோன்ட் ஓவர்பிஹேவ்' ஆங்கிலத்தில் செல்லாது. பகட்டு என்றால் "டோன்ட் ஷோ ஆஃப்", அளவு மீறல் என்றால் "டோன்ட் ஓவர்டூ இட்."

சொல்லிப் பழக நாலைந்து வாக்கியம். முதலில் தமிழை வாய்விட்டுச் சொல்லி, உருபைப் பார்த்து, பிறகு ஆங்கிலம்.

'பஸ்ஸில் உங்க பையன் ரொம்ப ஒழுங்கா இருந்தான்.' "யுவர் சன் பிஹேவ்ட் வெரி வெல் ஆன் தி பஸ்." இதையே இல்லை என்று மாற்றினால் "டிட்ன்ட் பிஹேவ்". 'டிட்ன்ட்' வந்த பிறகு 'பிஹேவ்ட்' கூடாது. இறந்தகாலத்தை அது ஏற்கெனவே சுமந்துவிட்டது.

'ஆச்சிகிட்ட நீ அப்படி நடந்திருக்கக் கூடாது.' "யூ ஷுடன்ட் ஹேவ் பிஹேவ்ட் லைக் தட் டுவர்ட்ஸ் ஆச்சி." ஆச்சியை 'கிராண்ட்மதர்' ஆக்க வேண்டாம். எல்லா ஆச்சியும் பாட்டி அல்ல.

'வேலையாட்களை அவர் மரியாதையா நடத்துவார்.' 'ஐ' உருபு. "ஹி ட்ரீட்ஸ் ஹிஸ் வொர்க்கர்ஸ் வித் ரெஸ்பெக்ட்."

'புது டிரைவர் வாடிக்கையாளர்கிட்ட எப்படி?' "ஹௌ டஸ் தி நியூ டிரைவர் பிஹேவ் டுவர்ட்ஸ் கஸ்டமர்ஸ்?" பேச்சில் "ஹௌ இஸ் ஹி வித் கஸ்டமர்ஸ்?" என்றே கேட்பார்கள். 'பிஹேவ்' இல்லாததால் 'வித்' இங்கே தடையில்லாமல் வருகிறது.

'மோட்டார் ரெண்டு நாளா மக்கர் பண்ணுது.' "தி மோட்டார் ஹேஸ் பீன் மிஸ்பிஹேவிங் ஃபார் டூ டேஸ்." இரண்டு நாளாக என்பதற்கு 'ஃபார்'. 'சின்ஸ் டூ டேஸ்' அல்ல. திங்கட்கிழமையிலிருந்து என்றால்தான் 'சின்ஸ் மண்டே'.